மருந்து குடிக்காத செடி

வேலிப் படல் சாய்ந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம், தீவனத்துக்குக்கூட எழுந்து வரச் சோம்பல்படுகிற நிறைசினைப் பசு மகாராணி, மேய்ச்சல் நிலத்தின் நட்டநடுவில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள் அவள்.

"என்னங்க! ஓடி வாங்க! மகாராணி மருந்தடிச்ச இடத்துல நிக்குறா!"

கணவர் ஒற்றைச் செருப்போடு தொழுவத்திலிருந்து வந்தார். "படலை யாரு திறந்தது?"

"அது இப்ப ரொம்ப முக்கியம்! முதல்ல ஓட்டுங்க."

மழை பொய்த்து, புல்லெல்லாம் கருகிப்போன நிலத்தில் மஞ்சள்பூக் களை மட்டும் கல்லுப்பிள்ளையாராக நின்றது. விஷச்செடி. பச்சையாக இருக்கும்வரை கசப்பு. எந்த மாடும் வாய் வைக்காது. களைக்கொல்லி மருந்து ஏறி வாடினால்தான் வம்பு. இலையில் ஒரு தித்திப்பு வந்துவிடும், மாடு தேடிப்போய்த் தின்னும் என்று மாட்டு டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "மழை வரட்டுங்க" என்றுதான் அவளும் சொன்னாள். "போடி, தாகத்துல அரை உசுரா நிக்குது. இப்ப அடிச்சா ஒரே போடு" என்றார் அவர். அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் பையன் மாதிரி நழுவிவிட்டார். நேற்று இலை ஓரமெல்லாம் பழுத்திருப்பதைக் காட்டி மார்தட்டியதும் அவரேதான்.

பஞ்சத்தில் மற்ற மாடுகளையெல்லாம் அனுப்பியபின் மிஞ்சியது மகாராணி ஒருத்திதான். அதன் வயிற்றில் ஒரு கன்று.

மகாராணியைத் தொழுவத்தில் கட்டி, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டு, அவள் திரும்ப நிலத்துக்கே போனாள். ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தாள். எங்கே நுனி கடிபட்டிருக்கிறது? எங்கே தண்டு ஒடிந்திருக்கிறது? பார்த்த செடியையே மறுபடி பார்த்தாள். ஒன்றிலும் பல் படவில்லை. குளம்புத் தடம் களைகளைச் சுற்றிச் சுற்றிப் போய், வேலியோரத்துப் பள்ளத்தில் மிச்சமிருந்த காய்ந்த புல்லில் முடிந்திருந்தது. அங்கேதான் மகாராணி மொட்டையாக மேய்ந்திருக்கிறாள்.

அதற்குள் வந்துவிட்ட டாக்டரம்மா, மாட்டின் கண்ணையும் ஈறையும் பார்த்து, விலாவில் காது வைத்துக் கேட்டார். பிறகு நிலத்துக்கு வந்து ஒரு இலையைக் கிள்ளி விரலில் தேய்த்தார். அது தோல் மாதிரி விறைப்பாக இருந்தது.

"ஓரம் கருகினதோட சரி. மருந்து உள்ளே இறங்கவே இல்ல."

"நல்லா நனையறாப்புலதான் டாக்டர் அடிச்சேன்" என்றார் கணவர், குற்றவாளிக் குரலில்.

"தாகத்துல இருக்கிற செடி வாயை இறுக்க மூடிக்கும் ஐயா. இலையும் மெழுகு பூசினாப்புல தடிச்சுடும். நீங்க ஊத்தினது மேலேயே காஞ்சுபோச்சு. மழை பேஞ்சு துளிர் விடட்டும், அப்ப அடிங்க, வேர் வரைக்கும் போகும்."

"அப்ப மாட்டுக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. செடி வாடல, தித்திப்பும் வரல. படுத்து அசைபோட ஆரம்பிச்சுட்டா நிம்மதியா இருங்க. உங்க வீட்டுக்காரர் வேலையை ஒழுங்கா முடிச்சிருந்தா, நான் இந்நேரம் ஊசியோட உட்கார்ந்திருப்பேன்."

கணவரின் முகம் மெல்ல மலர்ந்தது. "பாத்தியா? ஒரு விதத்துல நான் செஞ்சது…"

"வாயைத் திறந்தீங்க, அந்த மருந்தை உங்க மேல அடிப்பேன்."

"அடிச்சுக்கோ. எனக்கும் இப்ப தாகந்தான், உள்ளே இறங்காது."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது எங்கிருந்தோ அழுகையும் கூட வந்துவிட, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் போய்ப் படலை நிமிர்த்தினார். கயிற்றை ஒன்றுக்கு மூன்று முடிச்சாகப் போட்டார்.

டாக்டரம்மாவின் வண்டி போனபிறகும் அவள் தொழுவத்தை விட்டு நகரவில்லை. மகாராணி முன்னங்காலை மடித்து, பெருமூச்சு விட்டுப் படுத்தது. சற்று நேரம் சும்மா இருந்தது. அப்புறம் அதன் கழுத்துக்குள் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறியது. தாடை பக்கவாட்டில் மெதுவாக அசையத் தொடங்கியது.