மூன்றாம் நிலையத்தின் மூச்சு

மூன்றாம் நிலையத்தின் எண் இம்மாதமும் கீழே இறங்கியிருந்தது. ஆற்று ஆய்வுக்கூடத்தின் கணினித் திரையில் அந்த எண்ணைக் கண்டதும் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டாள். எண் மாறவில்லை. எட்டு மாதங்களாக இப்படித்தான். நீர் எடுத்து அளக்கும் மற்ற நான்கு நிலையங்களிலும் ஆறு வழக்கம்போலக் கரியமில வாயுவை வெளிவிட்டுக்கொண்டிருக்க, கிளையாறு வந்து கலக்கும் மூன்றாம் நிலையத்தில் மட்டும் மூச்சை இழுத்துப் பிடித்தாற்போல் அடங்கிக் கிடந்தது. ஆய்வுக்கூட இயக்குநருக்கோ தலைகால் புரியாத மகிழ்ச்சி. ஆறு மாறிக்கொண்டிருக்கிறது என்று அடுத்த வாரம் பெரியதொரு மாநாட்டில் அறிவிக்கப்போகிறார். அறிக்கையில் அவள் பெயரையும் சேர்த்திருந்தார். பதினோராண்டுகளாக மாதம் தவறாமல் படகேறி நீர் மொண்டவள் அவளல்லவா?

ஆனால் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. இரு கரைகளிலும் ஆண்டுக்கு ஐந்து மாதம் இடுப்பளவு நீரில் நிற்கும் காடு அப்படியேதான் இருந்தது. அது உதிர்க்கும் இலையும் சுள்ளியும் நீரில் ஊறிக் கருந்தேநீராகி, கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு இரையாகி, வாயுவாக மேலெழுந்து, மீண்டும் அந்தக் காட்டின் இலைகளுக்கே போய்ச் சேருவதும், மிஞ்சியது சேற்றோடு சேறாகக் கடலுக்குப் போவதும் முன்போலவே நடந்துகொண்டிருந்தன. மழையும் குறையவில்லை, வெள்ளமும் குறையவில்லை. பின் எது குறைந்தது? சன்னல் வழியே படகுத்துறையைப் பார்த்தாள். அவளுடைய கணவர் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். வாயை மறைத்துத் துண்டு கட்டியிருந்தார்.

அவளுக்குச் சுரீரென்று உறைத்தது.

ஆய்வுக்கூடத்தின் படகோட்டியான அவருக்குப் படகுத்துறையில் 'ரேடியோ' என்று பெயர். பேச்சை நிறுத்தும் பொத்தான் இல்லாத மனிதர் என்று பொருள். எட்டு மாதத்துக்கு முன் பல் மருத்துவர் மிச்சமிருந்த பற்களையெல்லாம் பிடுங்கிய நாளோடு ரேடியோ ஓய்ந்தது. புதிய பல்செட் உறுத்துகிறதென்று தம்ளர் நீரில் கிடக்கிறது. அவர் துண்டைக் கட்டிக்கொண்டு தலையாட்டலிலேயே குடும்பம் நடத்துகிறார், சுவரைப் பார்த்துத் திரும்பியமர்ந்து சாப்பிடுகிறார்.

மூன்றாம் நிலையத்தில் நீரோட்டம் இழுக்கும். நீர் மொள்ளும் குடுவையின் கயிற்றை அவள் இரு கைகளாலும் பற்றியிருக்க வேண்டும். ஆகவே அங்கு மட்டும் சிரிஞ்சில் பாதிக்குக் காற்றை இழுத்து வைப்பது அவர் வேலை. அதில் ஆற்று நீரையும் ஏற்றிக் குலுக்கினால் நீரிலுள்ள வாயு காற்றுக்கு வந்துவிடும். அதைச் சிறு குப்பியில் அடைத்து அளப்பார்கள். அந்தக் காற்றில் மனித மூச்சுக் கலந்தால் கணக்கே கெட்டுவிடும். அவரோ சிரிஞ்சை மார்புக்கு நேரே பிடித்து, அதன்மேல் குனிந்து, பதினோராண்டுகளாகக் கதை சொல்லிக்கொண்டே காற்றை இழுத்திருக்கிறார். குடுவையிலேயே கண்ணாயிருந்த அவள் கதையைக் கேட்டாளேயொழிய மூச்சை நினைக்கவில்லை.

மறுநாட்காலை மூன்றாம் நிலையத்தில் நங்கூரம் இறங்கியதும் சொன்னாள்.

"ஏங்க, அந்தத் துண்டைக் கொஞ்சம் அவிழுங்களேன்."

"எதுக்கு? மீனுங்க பார்த்துச் சிரிக்கவா?" துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இத்தனை வருஷமா இங்க ஆறு விட்ட மூச்சுல உங்க மூச்சும் கலந்திருக்குமோன்னு சந்தேகம். நீங்க வாயைக் கட்டின மாசத்துலேர்ந்துதான் எண்ணு இறங்கியிருக்கு."

"சொல்லாம விட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"உன் பதினோரு வருஷம் போயிடும்மா."

"ஒரு நிலையம்தானே போகுது. சிரிஞ்சை உங்க கையில குடுத்தது நான்தான். அவிழுங்க. முன்ன மாதிரி பேசிக்கிட்டே இழுங்க. அப்புறம் பேசாம இழுங்க. எது எதுன்னு பார்த்துடலாம்."

அவர் மெல்ல முடிச்சை அவிழ்த்தார். கன்னங்கள் உள்வாங்கி, மோவாய் மேலேறி, கைக்குழந்தைக்கு மீசை வைத்தாற்போலிருந்தது அந்த முகம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை; தொட்டுப் பார்க்க வேண்டும்போலிருந்தது.

"என்னத்தைப் பேச?"

"வாயில வந்ததை."

"நீ முதநாள் படகேறினப்போ..." என்று தொடங்கினார். சகரமெல்லாம் வெறுங்காற்றாய் வந்தது. "கால் வழுக்கித் தொபுக்கடீர்னு விழுந்தே பாரு. உடம்பு முழுக்கத் தண்ணிக்குள்ள, கை மட்டும் மேல. கையில குடுவை. நான் உன்னைத் தூக்க வந்தா, 'முதல்ல குடுவையைப் பிடிங்க'ங்கிறே. பிடிச்சேன். இன்னும் விட முடியல."

"கதையில பொய் கலக்காதீங்க. நீங்க முதல்ல சிரிச்சீங்க, அப்புறந்தான் பிடிச்சீங்க," என்றாள். சிரித்ததில் கயிறு ஒரு முழம் நழுவிற்று. பேச்சோடு மூன்று குப்பிகள், பேச்சில்லாமல் மூன்று. பேசாத மூன்றுக்கும் அவர் பட்ட பாடுதான் பெரிது.

அன்று பிற்பகலே கருவி சொல்லிவிட்டது. பேச்சுக் குப்பிகள் மூன்றும் உயர்ந்து நின்றன. எட்டு மாதத்துக்கு முன் எவ்வளவு இறங்கியதோ ஏறக்குறைய அவ்வளவு. அவள் இயக்குநருக்கு எழுதினாள். மூன்றாம் நிலையத்தின் பழைய எண்களை அடித்துவிட வேண்டும், பிழை என்னுடையது என்று இரண்டே வரி. அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"அறிவிப்பை நிறுத்திட்டேன். பழைய எண்களைப் பத்திக் குழுதான் முடிவு பண்ணணும். ஆனா ஒண்ணும்மா, உங்க வீட்டுக்காரரைக் கிடங்கு வேலைக்கு மாத்திட்டா நல்லதில்லையா?"

"காத்தை இழுக்கிற வழியை மாத்திடறேன் சார். படகுக்கு அவர் இருக்கட்டும்."

"பார்க்கலாம்," என்றார் அவர். அந்தப் பார்க்கலாம் அம்மாதம் முழுவதும் பார்க்கலாமாகவே இருந்தது.

அடுத்த பயணத்தில் படகின் முனையிலிருந்து ஒரு நீண்ட கம்பு, காற்று வரும் திசையை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அதனோடு மெல்லிய குழாயொன்றைக் கட்டி, மறுமுனையைச் சிரிஞ்சில் பொருத்தியிருந்தாள். மூன்றாம் நிலையத்தில் கயிற்றை முழங்காலுக்கிடையே இறுக்கிக்கொண்டு தானே காற்றை இழுத்தாள். பழக்கத்தால் தன் மூச்சையும் அடக்கிக்கொண்டாள்.

படகின் பின்முனையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பல்செட் சட்டைப்பையில் இருந்தது. துண்டு தோளில் கிடந்தது. கிடங்கில் யாரிடம் பேசுவது, மூட்டைகளிடமா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் விடை சொல்லவில்லை. சிரிஞ்சு நிரம்பும்வரை சொல்ல முடியாது. அவர் சொற்கள் காற்றோடு படகுக்குப் பின்புறமாகப் போயின; அங்கே, இடுப்பளவு நீரில் நின்ற மரங்களின் இலைகள் அசைந்துகொண்டிருந்தன.