இடப்பக்க இருக்கை

கணவர் பத்மநாபன் காலமாகி எட்டு மாதம் ஆனபோது, சுபாஷிணி அவருடைய காரில் தினமும் அலுவலகம் போக ஆரம்பித்தாள். கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் அது ஒரு சின்ன வேடிக்கையாகிவிட்டது. இரண்டே பேர் உட்காரக்கூடிய கருநீல ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு ஒட்டிக் கிடக்கும். அதிலிருந்து ஐம்பது வயது செக்‌ஷன் ஆபீசர் ஒருத்தி, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்தபடி, பள்ளத்திலிருந்து ஏறுவது போல வெளியே வருவாள்.

"மாமி, இதுல ஏறி இறங்கவே தனியா ஒரு ஆள் வேணும் போல. பேசாம ஒரு டிரைவர் வச்சுக்கங்க" என்றாள் மாடிவீட்டுக் கவிதா.

"டிரைவர் வெச்சா நான் மறுபடி அந்தப் பக்கம்னா உட்காரணும்" என்று சிரித்தாள் சுபாஷிணி. சொன்ன பிறகுதான், தான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது.

அந்தப் பக்கத்தில் அவள் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தாள். கார் வந்த வருஷம் இருவரும் குழந்தைக்காக ஒரு மருத்துவமனைக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை பத்மநாபன் சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "நமக்கு எதுக்கு பின் ஸீட்டு?" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் டாக்டரிடம் போகவேண்டியதில்லை என்று அவளுக்குப் புரிந்தது. பதில் சொல்லாமல் போய் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். அவர் வேகமாக ஓட்டுவார். மெதுவாகப் போங்கள் என்று ஒரு நாளும் அவள் சொன்னதில்லை. அவளுடைய வலது கால் மட்டும், பிரேக்கே இல்லாத அந்தப் பக்கத்தில், தரையில் விரித்த மிதியடியை அழுத்தும். அழுத்தி அழுத்தி மிதியடியில் ஒரு குதிகால் அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

அவர் போன பிறகுதான் அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். வேகத்தடைகளைக் குறுக்காக ஏறிக் கடக்கவும், பஸ் சக்கரங்கள் கண்ணுக்கு நேரே உருள்வதைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கவும் பழகினாள். பின்னால் ஒரு காய்கறிப் பைக்குத்தான் இடம் உண்டு. அரிசி மூட்டை வாங்கினால் பக்கத்து இருக்கையில் வைப்பாள். எடை தெரிந்ததும் கார் 'டிங், டிங்' என்று பெல்ட் போடச் சொல்லும். மூட்டைக்குப் பெல்ட் மாட்டிவிடுவாள்.

காரின் பதிவு அவள் பேருக்கு மாறிய வாரம், ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் பூஜைக்கு எடுத்துப் போனாள். நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்த பிறகு குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டார். "பத்மநாபன், உத்திரட்டாதி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. குருக்கள் சங்கல்பத்தை முடித்து விபூதியும் கொடுத்துவிட்டார். ரிங் ரோட்டுக்கு வந்த பிறகுதான், போனவர் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டோம் என்று உறைத்தது.

துவாரகாவில் இருக்கும் தம்பி வெங்கியிடம் போனில் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு, "என்னக்கா இது, வந்து உக்காருங்கோன்னு அழைச்சா மாதிரி ஆயிடுத்தே" என்றான். அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை, பக்கத்து இருக்கையில் ஒன்றுமே இல்லாதபோது, அந்த 'டிங், டிங்' கேட்டது. அலுவலகம் வரை நிற்கவில்லை. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை அவள் வெற்று இருக்கைக்குப் பெல்ட்டை மாட்டினாள். சத்தம் நின்றது.

அவளுக்குப் பயமாக இருந்தது. ஆச்சரியமாக இல்லை. தன் வண்டியை இவள் எப்படி ஓட்டுகிறாள் என்று பார்க்க வந்திருக்கிறார், வேறென்ன. "பார்த்துண்டுதான் ஓட்டறேன்" என்று ஒருமுறை மெல்லச் சொல்லிக்கூடப் பார்த்தாள். ஆனால் ஒரு லாரியின் பின்னால் நெருங்கியபோது இடப்பக்கம் கீழே ஒரு மெல்லிய சத்தம். குதிகால் மிதியடியை அழுத்தும் சத்தம். பத்மநாபன் எந்த லாரிக்கும் பயந்தவர் இல்லை. அந்த நினைப்பை அவள் மேலே போகவிடவில்லை.

சனிக்கிழமை கரோல் பாகில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினாள். வயதானவர். கம்ப்யூட்டரை இணைத்துப் பார்த்துவிட்டு, சென்சாரில் குறை ஒன்றும் இல்லை, எடைகூடச் சரியாகக் காட்டுகிறது என்று ஹிந்தியில் சொன்னார்.

எவ்வளவு என்று கேட்டாள்.

"ச்சியாலீஸ்."

நாற்பத்தாறு கிலோ. அவர் குனிந்து இருக்கையில் கையை வைத்தார். உடனே எடுத்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். ஸீட்டுக்கு ஹீட்டர் போட்டிருக்கிறீர்களா மேடம் என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் கூலி வாங்கிக்கொள்ளவில்லை.

பத்மநாபன் எண்பத்து நாலு கிலோ. நாற்பத்தாறு யாருடைய எடை என்று அவளுக்குத் தெரியும். அந்த மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் முதலில் அவள் எடையைத்தான் பார்ப்பார்கள். நர்ஸ் அந்த எண்ணை உரக்கச் சொல்லிச் சீட்டில் எழுதுவாள்.

வந்திருப்பது அவர் என்றால் போய்வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷம் வாயே திறக்காத ஒருத்தியிடம் என்ன பேசுவது?

அடுத்த புதன்கிழமை வெங்கி கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை காரைப் பார்க்க ஒருவர் வருகிறாராம். விற்றுவிட்டு நாலு பேர் உட்காரும் வண்டியாக வாங்கிக்கொள்ளச் சொன்னான்.

"இதை வித்தா நான் ஓட்டறதையே விட்டுடுவேன், வெங்கி" என்றாள். "எனக்கு என்னைத் தெரியும்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கும் பனிமூட்டம் கலையவில்லை. சர்தார் படேல் மார்க் சிக்னலில் பச்சை விழுந்தது. சுபாஷிணியின் வலது கால் பிரேக்கை அழுத்தியது. ஆக்சிலேட்டருக்கு மாற்றப் பார்த்தாள், கால் வரவில்லை. பழைய நாட்களில் மிதியடியை அழுத்தியது போலவே அழுத்திக்கொண்டே இருந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின.

அவளுக்குக் கோபம் வந்தது. அந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பழைய சுபாஷிணி எங்கே உட்காருவாள்? ஒரு நிமிஷம் போதும். அவளைக் கிளப்பிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். கியரை 'பார்க்'கில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்ததும் கால் விட்டுக்கொடுத்தது. இறங்கி, காரைச் சுற்றிப் போய், இடப்பக்கக் கதவைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது. முதுகு தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. குதிகால் குழிக்குள் போய்ப் பொருந்தியது. பெல்ட் எப்போது மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்கு நினைவில்லை. வெகு நாட்களாகத் தூங்காதவளுக்கு வரும் தூக்கம் போல ஒரு நிம்மதி உடம்பெங்கும் இறங்கியது. எழுந்திரு என்று சொல்லிக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே வெண்மை தவிர ஒன்றுமில்லை. அதற்குள் சிக்னல் வெளிச்சம் மட்டும் சிவப்பாகி, பச்சையாகி, மறுபடி சிவப்பானது.

போக்குவரத்துக் கான்ஸ்டபிள் வந்து கண்ணாடியைத் தட்டினார். அதை இரண்டு விரல்கடை இறக்கினாள். டிரைவர் எங்கே என்று கேட்டார்.

அவள் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். இருக்கை காலியாக இருந்தது. நான்தான் என்று சொல்லவேண்டும். ஹிந்தியில் இரண்டே வார்த்தை.

"ஆ ரஹே ஹைன்" என்றாள். வந்துகொண்டிருக்கிறார்.

கான்ஸ்டபிள் பனிக்குள் ஒருமுறை பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு, பின்னால் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கி அனுப்ப ஆரம்பித்தார்.