கடைவரிசைக்குக் காட்டிய கை

பகலெல்லாம் காய்ந்த வெயில் உயர்ந்த கட்டடங்களின் நெற்றியிலிருந்து மெல்ல இறங்கி, வண்டிகள் நெருங்கி ஊரும் பெருந்தெருவில் செந்நிறக் கறையாய்ப் படிந்து, பின்னர் அதுவும் கரைந்து, விளக்குகள் ஒவ்வொன்றாய் விழிக்கத் தொடங்கிய மாலைப்பொழுதில், இசைக் கல்லூரியின் அரங்கு மட்டும் பகைவரின் தூதனை எதிர்நோக்கும் கோட்டைபோல் மூச்சடக்கி நின்றது. மேடைமீது இரண்டு நாற்காலிகள். அவற்றின் பின்னே சேர்ந்திசைக் குழுவினர் நிற்பதற்கென அடுக்கிய மரப்படிகள். எதிரே முன்வரிசையில், நீவி மடித்த உடைகளுக்குள் நீவி மடித்த முகங்களோடு தேர்வுக்குழுவினர். துறைத்தலைமையை நாடுவோரை அவையேற்றி, படித்த நூல், பார்த்த படம், கேட்ட இசை, தலைமை என்னும் நான்கினையும் வினவி, அவர் நடத்தும் சேர்ந்திசையையும் கேட்டுத் தெரிவுசெய்வது அக்கல்லூரியின் வழக்கம்.

அன்று அவையேற இருந்தவள், தன் குடியில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவள், இசையாய்வில் தேர்ந்தவள், மாணவர் வாயில் ‘அனலக்கா’. தந்தை மூட்டை சுமந்தும் தாய் பிறர் வீட்டுத் துணி துவைத்தும் படிக்கவைத்த அவளுக்கு, பாட்டன் சேர்த்த நூலடுக்குகளின் நிழலில் வளர்ந்து அந்நிழலையே தம் அறிவென்று எண்ணித் திரிவோரைக் கண்டால் அடிவயிறு எரியும். அத்தகையோர் அமர்ந்து தேய்த்த தலைமை நாற்காலியில், ஏவல் செய்தவரின் மகள் ஒருத்தி அமர்ந்தே தீரவேண்டும் என்பது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வளர்த்த வேட்கை.

சேர்ந்திசைக் குழுக்களில் ஒரு நல்வழக்கம் உண்டென்பதை இங்கே படிப்பவர் அறிய வேண்டும். பயிற்சியில் பிழைசெய்தவர், பாட்டை நிறுத்தாமலே ஒரு கையை உயர்த்துவார். ‘பிழை எனது, உணர்ந்துகொண்டேன்’ என்பது அதன் பொருள். நடத்துபவரும் கண்டு, கடிந்துகொள்ளாமல் மேற்செல்வார். அன்று நண்பகற் பயிற்சியில், கடைவரிசையில் நின்று, நடத்துபவர் கை காட்டியதும் தனிக்குரலாய் நுழையவேண்டிய மாணவி ஒரு தட்டு முந்தி நுழைந்தாள், கையையும் உயர்த்தவில்லை. அனலக்கா பாட்டை நிறுத்தினாள்.

“கை எங்க?”

“நான் தப்புப் பண்ணல மேடம்.”

“அப்போ நான் பண்ணேனா?”

மாணவி அவளது வலக்கையைப் பார்த்தாள்.

“ஒத்துக்கத் தெரியாதவளுக்கு இங்க இடமில்ல. பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பு!”

அவள் போனாள். மழைக்கு முந்திய மரங்களைப்போல் குழு முழுதும் அசைவற்று நின்றது.

இப்போது திரைச்சீலையின் பின்னே, மேடைக்கழைக்கும் மணி ஒலிக்கவிருந்த வேளையில், குழுவுக்கு ஆர்மோனியம் வாசிக்கும் தோழி அவள் முழங்கையைப் பற்றினாள்.

“சொல்றேன்னு எரிஞ்சு விழாதடி. அந்தப் பொண்ணு தானா முந்தல. நீதான் முன்னாடியே கையக் காட்டிட்ட.”

“உளறாத.”

“என் கண்ணு முன்னாடிதானே காட்டுன? உன் கையப் பார்த்துத்தான் அவ பாடுனா.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“உன்கிட்டயா? எரியுற அடுப்புகிட்டப் போயி, ‘கொஞ்சம் சுடுது, தணிஞ்சுக்கோ’ன்னு சொல்லவா?” தோழி குரலைத் தாழ்த்தினாள். “இன்னிக்கு வாயத் தொறக்காத. மொதல்ல நாற்காலி கெடைக்கட்டும். அப்புறம் அவளத் தனியாக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லிக்கலாம்.”

மணி ஒலித்தது.

தேனில் தோய்த்த நாவினரான கல்லூரி முதல்வர் வினவத் தொடங்கினார். “உங்களை உருவாக்கின புத்தகம் எதும்மா?”

“எங்க வீட்டுல புத்தகமே கெடையாது சார். கடையில சாமான் மடிச்சுக் குடுத்த தாளைத்தான் படிச்சேன். அதுல பாதிக் கதைதான் இருக்கும். மீதிய நானே கட்டிக்குவேன். பின்னாடி முழுப் புத்தகம் கைக்கு வந்தப்போ, என் முடிவு இதவிட நல்லா இருந்துச்சேன்னு கோவம்தான் வந்துச்சு.”

அவை நகைத்தது. முன்வரிசையின் மடிப்புகளும் சற்றே தளர்ந்தன. நாற்காலி தன்னை நோக்கி நகர்ந்து வருவதுபோல் அவளுக்குத் தோன்றியது.

“படம்?”

“காசில்லாம, கொட்டகைச் சுவத்துல காதை வெச்சுக் கேட்ட படம் சார். யாரு நல்லவன், யாரு கெட்டவன்னு இசையே சொல்லிடும். நான் தீர்ப்பே எழுதிடுவேன். ரொம்ப நாள் கழிச்சு அதே படத்த உள்ள போய்ப் பார்த்தேன். நான் கெட்டவன்னு முடிவு கட்டுன ஆளு அங்க…”

பேச்சைப் பாதியில் விட்டாள். அங்கே அவன் அழுதுகொண்டிருந்தான். காதால் மட்டும் கேட்டு எழுதிய தீர்ப்பு அது. நண்பகலில் தன் கையைப் பாராமல் எழுதியதும் அத்தகையதே. பின்னே மரப்படிகள் கிறீச்சிட, குழுவினர் வந்து நிற்பது கேட்டது. கடைவரிசையில் ஓரிடம் வெறுமையாய் இருப்பதை, திரும்பிப் பாராமலே, முதுகில் பட்ட குளிர்காற்றைப்போல் அவள் உணர்ந்தாள். வாயிலோரத்துக் கடைசி இருக்கையிலோ, போகவும் மனமின்றி, பையை மடியில் இறுக்கியபடி அம்மாணவி.

இசையைப்பற்றிய வினாவுக்கு அனலக்கா ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை அவளே அறியாள்.

“நிறைவா ஒண்ணு. தலைமைன்னா என்னம்மா?”

பல நாள் தீட்டி வைத்திருந்த விடையொன்று நாவின் நுனியில், உறைக்குள் வாள்போல், பளபளத்துக் கிடந்தது. முன்வரிசை எழுதுகோலோடு காத்திருந்தது. அவள் எழுந்தாள், அவைக்கு முதுகு காட்டித் திரும்பினாள், குழுவினர் அனைவரும் காண வலக்கையை உயர்த்தினாள்.

பாடலுக்கான குறிப்பென்று அவை எண்ணியது. குழு அதன் பொருளை அறிந்தது, தோழியின் விரல்கள் கட்டைகளின்மேல் உறைந்தன.

உயர்த்திய கையைத் தாழ்த்தாமலே அவைநோக்கித் திரும்பினாள். “மத்தியானம் நான் தப்பாக் கையக் காட்டிட்டு, சரியாப் பாடுன பொண்ண வெளிய அனுப்பிட்டேன்.”

முதல்வர் புன்னகை கலையாமல் பல்லிடுக்கால் முணுமுணுத்தார்: “இதெல்லாம் இப்போ எதுக்கும்மா?”

“தொரத்துனது எல்லார் முன்னாடியும்தானே சார்?”

பின்னர் வாயிலோரத்தை நோக்கி அழைத்தாள். “உன் எடம் அப்படியே இருக்கு. வா.”

தலைகள் அனைத்தும் திரும்பின. மாணவி எழுந்து நின்றாள். “இன்னிக்கு முடியாது மேடம். அழுத தொண்டை. நாளைக்கு வரேன்.” சொல்லிவிட்டு மீண்டும் அமர்ந்துகொண்டாள்.

குழு பாடியது. அலைமேல் அலையாய்க் குரல்கள் எழுந்து மடிந்து, அத்தனிக்குரல் நுழையவேண்டிய இடம் வந்தபோது, அவள் கை இம்முறை முந்தாமலும் பிந்தாமலும் எழுந்து, வெறுமையாய்க் கிடந்த அவ்விடத்தைச் சுட்டியது. ஒலி எழவில்லை. அந்த வெறுமையின் நீளம் முழுவதையும் அவை கேட்டது. தேர்வுக்குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். கடைசி இருக்கையிலிருந்தவளோ அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலி மற்றொருவருக்குப் போயிற்று. அவர் நடத்திய பாடலில் இடைவெளி ஏதும் இல்லையாம். சொன்னபடியே மறுநாள் மாணவி வந்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவுமில்லை, இவள் கேட்கவுமில்லை. இன்றும் அனலக்காவின் சினம் தணிந்தபாடில்லை, ஆயினும் அவள் சீறும்போது குழுவிலிருந்து யாரேனும் “மேடம், உங்க கை!” என்கிறார்கள். ஆணையிட உயரும் கைகளை உலகம் நாள்தோறும் கண்டு தலைகுனிகிறது; பிழை எனதென்று உயரும் கையோ, எதையும் பற்றாமல் வெறுங்கையாகவே இறங்கினாலும், தன்கீழ் நிற்பவர் தலைநிமிர்ந்து பாட இடம்விட்டு இறங்குகிறது.