நாற்பத்திரண்டு விடுதிகளும் ஒரு குவாண்டம் கணினியும்

சலவை நிறுவன முதலாளி ஏதோ ஒரு கூட்டத்தில் குவாண்டம் கணினியைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவர் தங்கைக்குத் தன் வேலை போய்விடுமோ என்று பயம். எந்த வேன் எந்த விடுதிக்கு எந்த வரிசையில் போகவேண்டும் என்று பதினாறு வருஷமாகத் தினமும் காலையில் எழுதிக் கொடுப்பவள் அவள்தான்.

"மனுஷங்க ஒவ்வொரு வழியா யோசிப்பாங்க. அது எல்லா வழியையும் ஒரே நேரத்துல யோசிக்குமாம்! திங்கக்கிழமையிலேருந்து நீ வீட்ல நிம்மதியா இரு" என்றார் அண்ணன்.

நிம்மதியாம், நிம்மதி! வேலையைப் பிடுங்குவதற்கு எவ்வளவு அழகான பேர் வைத்திருக்கிறார் மனுஷன். அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. திங்கட்கிழமை ஆபீஸ் அலமாரிச் சாவியை ஒப்படைக்கிற சாக்கில் வந்து நின்றாள்.

ஏழு மணிக்கு எட்டு வேன்களிலும் வெளுத்த படுக்கை விரிப்புகளை ஏற்றியாகிவிட்டது. குவாண்டம் கம்பெனியிலிருந்து வந்த நிபுணர் பெண் மடிக்கணினியைத் திறந்தாள். கணினி எங்கோ கடல் தாண்டி, உறைய வைக்கும் குளிரில் இருக்கிறதாம்.

"நமக்கு முன்னாடி ஆறு பேர் காத்திருக்காங்க சார்."

"கம்ப்யூட்டருக்கும் க்யூவா?" என்றார் அண்ணன்.

ஒன்பது மணிக்கு முறை வந்தது. "நாலு விடுதி சொல்லுங்க சார்."

"நாலா? நாப்பத்திரண்டு இருக்கே!"

"இப்போதைக்கு நாலுதான் நம்பிக்கையா செய்யும். நாப்பத்திரண்டுக்குப் பத்து வருஷம் ஆகலாம்."

"பத்து வருஷமா? லாட்ஜ்காரன் அதுவரைக்கும் வெறும் மெத்தையில ஆளைப் படுக்க வைப்பானா?" என்று ஓட்டுநர் ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் முறைத்தார்.

ஒவ்வொரு தடவையும் விடை மாறுமாம்; அதனால் நாலு விடுதிக்குக் கணக்கை ஆயிரம் தடவை ஓட்டினார்கள். அறுநூறு தடவை ஒரே வரிசை வந்தது. மீதியில் சில தடவை ஒரே விடுதிக்கு இரண்டு முறை போகச் சொன்னது. சில தடவை கிளம்பவே வேண்டாம் என்றது.

"அதிகம் வந்ததை எடுத்துக்கணும் சார். சரியான்னு என் மடிக்கணினியிலேயே பார்த்துட்டேன், ஒரு நொடி கூட ஆகலை" என்றாள் நிபுணர், பாவம், உண்மையை மறைக்கத் தெரியாதவள்.

இதற்குள் தொலைபேசி அலறிக்கொண்டிருந்தது. விரிப்பு எங்கே, துண்டு எங்கே என்று விடுதிக்காரர்கள் பிடிபிடியென்று பிடித்தார்கள். அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. தங்கை பக்கம் திரும்பினார்.

"சரி சரி, உன் பேப்பரையே எடு. சனிக்கிழமை காப்பி இருக்கும்ல? அதையே ஜெராக்ஸ் போட்டுக் குடு."

"சனிக்கிழமை காப்பியா?"

"ஆமா. ஒரு தடவை எழுதினதைத்தானே தினமும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கிற?"

ஓட்டுநர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினாறு வருஷம்! தினம் தினம் மாறும் ஆர்டர் சீட்டுகளில் அன்றைக்கு வந்தவற்றை எடுத்து அவர் முன்னால் வைத்து, பேனாவை நீட்டினாள்.

"நீயே எழுது அண்ணா."

முதலாளி உட்கார்ந்தார். எந்த விடுதிக்கு எத்தனை மூட்டை, எது எட்டு மணிக்குமேல் கதவு திறக்கும், எந்தத் தெருவில் பெரிய வேன் நுழையாது என்று ஒவ்வொன்றாக ஓட்டுநர்களிடம் கேட்டு எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். மூன்றாவது விடுதியில் பேனா நின்றுவிட்டது. பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"உக்காரும்மா" என்றார்.