டிரம்முக்குள் வயல் மண்

கடையில் விற்கிற மண்ணை நான் நம்புவதில்லை. தூத்துக்குடியில் தோண்டுகிற மண்ணோ உப்பு. அதனால்தான் மாடியில் மாதுளை வைக்க, ஸ்ரீவைகுண்டத்து வயலில் இருந்தே மண் கொண்டுவந்து, நீல டிரம்மில் போட்டு மிதித்து இறுக்கினேன்.

என் வீட்டுக்காரி சுடலைச்செல்வி தன் கையால் பதியன் போட்டு எடுத்த கன்று அது. இரண்டு வருஷமாகப் பூக்கிறது, உதிர்கிறது. இந்தத் தடவை இலையும் மஞ்சளாகிவிட்டது.

"மண்ணு இறுகிட்டு. கிளறி உமி கலங்கன்னா கேக்க மாட்டீங்க. கீழ்வீட்டு டீச்சர்ட்ட குடுத்திருதேன். அங்கனயாவது பொழைக்கட்டும்" என்றாள்.

"ஏளா, நெல்லு வெளஞ்ச மண்ணு அது. அதையா குறை சொல்லுத?"

"நெல்லு சேத்துல நிக்கும். மாதுளை நிக்குமா?"

கீழ்வீட்டு வரலக்ஷ்மி டீச்சர் மறுநாள் காலையிலேயே, டிரம்மைத் தூக்க ஆளோடு மேலே வந்துவிட்டார். எனக்கு ஆத்திரம். ஒரு வாளித் தண்ணீரை டிரம்மில் ஊற்றினேன். ஊற்றிய கையோடு அடித்துளை வழியாக வெளியே ஓடியது.

"பாத்துக்கிடுங்க. இறுகின மண்ணுல தண்ணி இப்படி ஓடுமா?"

செல்வி களைக்கொத்தியை எடுத்து நடுவில் குத்தி ஒரு கட்டியைப் பெயர்த்தாள். உடைத்துப் பார்த்தேன். செங்கல்லாகக் காய்ந்து கிடந்தது. மண் சுருங்கி டிரம்மை விட்டு விரல் அளவு விலகியிருந்தது. தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே இறங்கிப் போயிருக்கிறது. வேருக்கு ஒன்றும் சேரவில்லை. இத்தனை நாளும் அது ஓடுவதைப் பார்த்துத்தான் நிம்மதியாக இருந்தேன்.

"அண்ணாச்சி, ரெண்டு வருஷமா டிரம்மைத்தான் குளிப்பாட்டியிருக்கேள்" என்றார் டீச்சர்.

தூக்க வந்தவன் கூடச் சிரித்தான். சிரிக்கட்டும். டிரம்மைச் சாய்த்துக் கன்றை வெளியே எடுத்தேன். கட்டிகளை உடைத்து, பாதி மண்ணைத் தள்ளிவிட்டு, உமியும் மக்கின சாணமும் கலந்தேன். டீச்சர் தேங்காய்நார்த் தூள் கொண்டுவந்து கொடுத்தார். நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

"அலசாமப் போட்டா வேரு வெந்துரும் டீச்சர்."

நல்ல தண்ணீரில் கரிப்புப் போகும்வரை அலசிப் பிழிந்த பிறகுதான் சேர்த்தேன்.

நட்டு முடித்ததும் செல்வி டீச்சரிடம் சொன்னாள்: "ஆளை அனுப்பிருங்க டீச்சர். இங்கனயே கெடக்கட்டும். செத்தாலும் எங்கிட்ட சாகட்டும்."

பழைய இலைகள் கொட்டிவிட்டன. நுனியில் சிவப்பாக ஒன்று தெரிகிறது. துளிர் என்கிறாள். அவள் சொன்னால் ஆச்சா? காலையும் மாலையும் நானே போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.