ஓடும் துணியில் நிற்கும் கோடு

சோமனூரில் லட்சுமணசாமியின் துணி குடோனில் பன்னிரண்டு வருடமாக நான்தான் செக்கிங். தறிக்காரர்கள் கொண்டுவரும், சாயம் ஏற்றாத காடாத்துணி, அடியில் ட்யூப் லைட் எரியும் சாய்ந்த கண்ணாடி மேசைமேல் ஓடும். எதிரே நாற்காலியில் நான். ஓட்டை, அறுந்த இழை, எண்ணெய்க் கறை, எது வந்தாலும் சாக்பீஸால் ஒரு கோடு. அன்புச்செல்வி என்கிற என் வாய்க்குப் பயப்படாத தறிக்காரர் இந்த ஊரில் கிடையாது. கண்ணுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் தம்பிதுரை நெய்து கொண்டுவந்த நாலு ரோலிலும் நீளவாக்கில் மெல்லிய கோடு தெரிந்தது. வெறும் துணியில் மயிரளவுதான். சாயம் ஏறிவிட்டால் சட்டை முதுகில் ரோடு போட்டதுபோல ஆகிவிடும். நாலையும் ஒதுக்கிவிட்டேன்.

மறுநாளே வந்து நின்றார். “ஏனம்மணி, எங்க கோடு? காட்டுங்க பாக்கலாம்.”

தகராறு என்றால் எங்கள் தொழிலில் ஒரே வழக்கம்தான். மெஷினை நிறுத்தி, துணியை விரித்து, எல்லாரும் சுற்றி நின்று பார்ப்போம். நிறுத்தினேன். விரித்தேன். கோட்டைக் காணோம். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தும் பார்த்துவிட்டேன். துணி எந்தக் குறையும் இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

“கண்ணு அவிஞ்சு போச்சாட்ட இருக்குது, பாவம்” என்றார் தம்பிதுரை, குடோன் முழுக்கக் கேட்கிற மாதிரி. துணி மடிக்கிற பெண்கள் சிரித்தார்கள்.

ஓனர் சிரிக்கவில்லை. “அம்மணி, கண்ணை டெஸ்ட் பண்ணிப்போட்டு வாங்க. அதுவரைக்கும் மடிக்கிற பக்கம் உக்காருங்க. செக்கிங்கை மடிக்கிற புள்ள புவனா பாக்கட்டும்” என்றார்.

அந்த நாற்காலி போய்விட்டால் நான் யார்? கோயமுத்தூர் பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா, டிக்கெட் தொலைந்துவிட்டதா என்று கேட்டார். அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

ஆர்.எஸ்.புரத்தில் கண் டாக்டர் தேஜஸ்ரீ, சின்னப் பெண். கடைசி வரி எழுத்துவரை தடங்கலில்லாமல் படித்தேன்.

“உங்க கண்ணு நல்லா இருக்குதுங்க.”

“அப்புறம் எப்படிங்க இல்லாத கோடு எனக்குத் தெரியுது?” என்று பாய்ந்தேன். நடந்ததை எல்லாம் கொட்டினேன். யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். ஓடுகிற துணி சட்டென்று நின்றால், கொஞ்ச நேரம் அது எதிர்ப்பக்கமாக ஊர்கிற மாதிரி இருக்கும்.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். திரை முழுக்க எள்ளைக் கொட்டியதுபோலப் புள்ளிகள்.

“ஏதாச்சும் தெரியுதுங்களா?”

“ஒன்னுமில்லைங்க.”

ஒரு பொத்தானைத் தட்டினார். கொஞ்சம் புள்ளிகள் மட்டும் சேர்ந்து நகர, நடுவில் ஓர் ஆடு நடந்து போனது! மறுபடி தட்டினார். புள்ளிகள் நின்றன. ஆட்டைக் காணோம்.

“நெசவு மாதிரி நிக்கறதைப் பாக்க மூளையில ஒரு இடம்னா, ஓட்டத்தைப் பாக்க இன்னொரு இடம் இருக்குதுங்க. துணி நின்னா, ஆயிரம் இழைக்குள்ள கோடு ஒளிஞ்சுக்குது. ஓடுனா இழையெல்லாம் கலங்கிப் போயி, கோடு மட்டும் அசையாம நிக்குது. அப்புறம், எதிர்ப்பக்கம் ஊர்றது எல்லாருக்கும் வர்றதுதாங்க. ஒரே திசையைப் பாத்துப் பாத்து ஓட்டம் பாக்கற இடம் சலிச்சுப் போயிருது. நின்னதும் எதிர்த்திசை தூக்கலாத் தெரியுது.”

நிறுத்திக் காட்டியதுதான் என் தப்பு! டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஓடிவந்தேன்.

மறுநாள் காலை தம்பிதுரையை வரச்சொல்லி என் நாற்காலியில் உட்காரவைத்தேன். ஓனர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “நூலைத் தேடாதீங்கண்ணா. சும்மா மேசையைப் பாத்துட்டு இருங்க” என்றேன். புவனா அவருடைய ரோலை மாட்டி மெஷினை முழு வேகத்தில் விட்டாள்.

முதலில் உதட்டைப் பிதுக்கினார் தம்பிதுரை. பிறகு முன்னால் குனிந்தார்.

“இதா! இதா நிக்குதுங்க கோடு!”

கையைக் காட்டினேன். புவனா நிறுத்தினாள்.

“போயிருச்சே!” என்றவர், மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “ஏனுங்க, துணி பின்னால போகுதுங்க!”

“அது ஒன்னுமில்லீங்கண்ணா, சரியாயிரும்” என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

“இன்னொருக்கா உடுங்க” என்றார். மூன்று முறை ஓட்டினோம். மூன்றாம் முறை என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கித் தன் துணியில் தானே கோடு போட்டார். “தறியில நூலைப் பிரிக்கற கம்பி ஒன்னு வளைஞ்சிருக்கோணும். போயி மாத்திப்போடறேன்” என்றார். என் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் எழுந்திருக்க மனசில்லை. கண் மேசையை விட்டு நகரவில்லை.

ஓனர் அவர் தோளைத் தட்டினார். “எந்திரிங்க தம்பிதுரை. அம்மணிக்கு வேலை கெடக்குது.”

நான் உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம்வரை யாரையும் திட்டவில்லை.