புருவ மத்தி

மார்ச் பதினோராம் தேதி மதியம், வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஆட்டிசம் உள்ளவர்களுக்கான பிரிவுக்குத் தொலைபேசி வந்தது: மருத்துவமனைச் சலவைக்கூடம், பேட்டிக்குப் போன அவனை வேலைக்கு எடுக்கவில்லை.

முறைத்தானாம்… முறைக்கிற ஆளா அவன், போனை வைத்த பிறகும், அவனுக்குப் பயிற்சி கொடுத்த பெண் அதிகாரியின் காதில் சலவைக்கூட மேற்பார்வையாளரின் குரலே நின்றது, "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், கண்ணு கொட்டாம என்னையே பாத்துட்டு இருந்தாரு, எதுக்கும் பதில் இல்ல, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு", பதில் இல்லையா, இந்த அறையில் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவன்தானே, சொன்னானா, எப்போது… முதல் நாள் சன்னல் கம்பியைப் பார்த்தபடி வீட்டுத் துணியை எப்படிப் பிரிப்பான் என்று சொன்னான், ஈரம், கறை, தையல் விட்டது என்று மடை திறந்த மாதிரி, அவள்தான் நிறுத்தினாள், "நல்லா சொல்றீங்க தம்பி, ஆனா என்னைப் பாத்துச் சொல்லணும்". அன்றிலிருந்து அதே பாடம், தன் புருவ மத்தியைத் தொட்டுக் காட்டி, கண்ணு, இங்க, கண்ணு… பக்கத்து மேசைக்காரர் அவளுக்குக் 'கண்ணு டீச்சர்' என்றே பெயர் வைத்துவிட்டார், "எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர், வீட்டுக்காரிய நிமிந்து பாக்கவே பயமா இருக்கு", அவளும் சிரிப்பாள், உள்ளூரப் பெருமைகூட, இரண்டே மாதத்தில் அவன் பார்க்கக் கற்றுக்கொண்டான், பதில்கள் சுருங்கின, ஒரு சொல், பிறகு தலையாட்டல், பக்குவம் வந்துவிட்டது என்றல்லவா நினைத்தாள்…

வெளியே பெஞ்சில் அவனும் அவன் அக்காவும். அக்காவுக்கு அடுத்த மாதம் வெளியூருக்கு மாற்றல், முப்பத்து நாலு வயதுத் தம்பியைத் தனியே விட்டுப்போக அவள் துணிந்ததே இந்த வேலையை நம்பித்தான், எப்படிச் சொல்வது, அதிகாரி சொல்லிவிட்டாள். "என்னடா பண்ணித் தொலைச்ச அங்க?" அக்காவின் குரல் உடைந்தது. அவன் அதிகாரியையே பார்த்தான், கொட்டாமல், அவள் சொல்லிக்கொடுத்த அதே பார்வை, இப்போது அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. "மேடம் சொன்ன மாதிரி பாத்தேன்." "பாத்தா போதுமா, வாயத் திறக்க வேணாமா?" "அவர் பேசுனது விழல. கண்ணப் பாத்துட்டிருந்தா காதுல எதுவும் விழாது." இதை ஏன் முன்னாடியே சொல்லல தம்பி என்றாள் அதிகாரி. "பாத்துக்கிட்டே எப்படிச் சொல்றது?"

எப்படிச் சொல்வான்… அந்தச் சலவைக்கூடத்துக்கு அவளே போயிருக்கிறாள், இயந்திர இரைச்சலில் குனிந்த தலை நிமிராமல் துணி பிரிக்கிறார்கள், யார் யார் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு எதற்கு இந்தப் பார்வை, வேலைக்கா, பேட்டிக்கா, இல்லை தனக்கா… அறைக்குள் வந்து மறுபடி போன் போட்டாள், பேட்டி வேண்டாம், அரை நாள் வேலை குடுத்துப் பாருங்க என்றாள், "பேட்டியில தேறாதவர எப்படி மேடம், அப்படி வழக்கம் இல்லையே, மேல கேட்டுச் சொல்றேன்" என்றார் அவர், குரலில் கேட்கப்போகிறவரின் ஜாடை இல்லை. அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள், நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பினாள், தன்னுடையதையும். "அங்க என்ன கேட்டாங்கன்னு விடுங்க, அந்த எடத்தப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சத சொல்லுங்க." அவன் பேச ஆரம்பித்தான், கம்பியைப் பார்த்து, மூட்டை கட்டும் விதம் தப்பு, ஈரத்தை அடியில் வைக்கிறார்கள் என்று, முதல் நாள் வேகம், அவளும் கம்பியையே பார்த்தாள், கேட்டாள், கேட்கிறோமா என்று தெரியவில்லை, அவன் முகம் பார்க்காமல் அவளுக்குப் பாதி பிடிபடவில்லை, திரும்பிப் பார்க்கலாமா, பார்த்தால் நிறுத்திவிடுவானோ… திரும்பவில்லை. அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

அந்த வாரக் கடைசியில் சலவைக்கூடம் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டது.